ஒன்பது வருடம் இன்னொருவர் பெயரில்

விளையாட்டு மண்டபத்தின் சாமான் அறையில் நான் பந்துகளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். அந்த அறைக்கு யன்னல் கிடையாது. ரப்பர் மணமும் யாரோ மறந்துவிட்டுப் போன காலுறைகளின் மணமும் சேர்ந்து மூக்கை அடைக்கும். பன்னிரண்டு பந்துகளில் ஒன்பதாவதற்குள் ஊசியை ஏற்றும்போது ஹெர் பிராண்ட் வாசலில் வந்து நின்றார்.

ஹெர் பிராண்ட் எங்கள் தொழிற்கல்லூரியின் விளையாட்டுப் பொறுப்பாசிரியர். ஹெர் என்பது ஜெர்மன்காரர் போடும் 'திரு'. உயரமானவர், நல்ல மனுஷன். கெட்ட செய்தி சொல்ல வரும்போது மட்டும் கழுத்தைச் சொறிவார். அன்று சொறிந்துகொண்டேதான் வந்தார்.

"அடுத்த பருவத்திலிருந்து விதி மாறுகிறது. ஆட்டத் தாளில் பயிற்சியாளர் என்று யாருடைய பெயர் இருக்கிறதோ, அவர்தான் அணியோடு ஓரத்து வாங்குப் பலகையில் இருக்கவேண்டும். உரிமம் உள்ளவர்தான் பெயர் போடலாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் என்னால் வர முடியாது. உரிமம் உள்ள ஓர் ஆளைப் பிடித்திருக்கிறேன்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்றும் சொன்னார்.

"தனிப்பட்ட முறையில்தான் எடுத்துக்கொள்வேன். வேறு எந்த முறையில் எடுப்பது?" என்றேன்.

அவர் கழுத்தைச் சொறிந்தபடியே போய்விட்டார். மிச்சம் நான்கு பந்துகளுக்கும் என் கோபத்தையெல்லாம் சேர்த்துக் காற்று அடித்தேன். அடுத்த நாள் பிள்ளைகள் பந்து கல்லு மாதிரி இருக்கிறது என்று முறைப்பாடு சொன்னார்கள்.

மஞ்சள் உறை

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஜெர்மனியில் ஹம் நகரத்தில் குடியிருப்பவள். காலையில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. பின்னேரம் தொழிற்கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர். ஒன்பது வருடமாக.

அந்த ஒன்பது வருட ஆட்டத் தாள்களைப் புரட்டிப் பார்த்தால் என் பெயர் ஒன்றிலும் இராது. பயிற்சியாளர் என்ற கோட்டில் ஹெர் பிராண்டின் பெயர்தான் இருக்கும். உரிமம் அவரிடம்தான் இருந்தது. பருவம் தொடங்கும்போது ஒரு கட்டுத் தாளில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவார். புள்ளி எழுதும் மேசையில் இருப்பவர்களும் கண்டுகொள்வதில்லை. கத்துவதும் தொண்டை கட்டுவதும் நான், பெயர் அவர்.

கல்லூரி நடைபாதையில் ஒரு படம் தொங்குகிறது. நாங்கள் கிண்ணம் வென்ற நாள். நடுவில் ஹெர் பிராண்ட் கிண்ணத்தோடு நிற்கிறார். ஓரத்தில் நான், பதினொரு பிள்ளைகளின் மேற்சட்டைகளையும் இரண்டு கையிலும் அள்ளிப் பிடித்தபடி. முகம் பாதிதான் தெரியும். அந்தப் படத்தைக் கடந்துபோகும் போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எரியவில்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் குற்றத்தை முழுக்க அவர் தலையில் கட்டினால் நியாயமில்லை. முதல் வருடம் "உங்கள் பெயரில் உரிமம் எடுக்க ஒரு விண்ணப்பம் போடலாமே" என்று அவர்தான் கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன்.

ஏன் என்று எங்கள் ஆட்களுக்கு விளங்கும். அகதியாக வந்து விசா இல்லாமல் இழுபட்ட வருடங்களில், எங்கள் பெயர் ஒரு தாளில் ஏறினால் நல்லது எதுவும் நடந்ததில்லை. அரச அலுவலகத்து மஞ்சள் உறையைத் தபால் பெட்டியில் கண்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. பெயர் எழுதாத இடத்தில்தான் பாதுகாப்பு என்று பழகிப்போனோம். பிறகு ஜெர்மன் கடவுச்சீட்டு வந்தது, வீடு வந்தது, பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனார்கள். எனக்கு அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில்கூடப் பெயர்ப் பட்டியல் வந்தால் பேனாவைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுவேன்.

ஆக, பிழையில் பாதி என்னுடையது. அந்தப் பாதியைத் திருத்தப் போய்த்தான் இத்தனை ரகளையும்.

நெற்போல் மூளை

நான் எப்படிக் கூடைப்பந்துக்குள் விழுந்தேன் என்று ஸ்ருட்கார்ட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். சொல்கிறேன், சிரிக்கக்கூடாது.

நாற்பது வயதில் பராமரிப்பு உதவியாளருக்கான அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி படிக்க அந்தத் தொழிற்கல்லூரியில் சேர்ந்தேன். வகுப்பில் என்னைத் தவிர எல்லோருக்கும் வயது இருபதுக்குள். முதல் நாள் ஒரு படிவம் தந்தார்கள். என்ன விளையாட்டு விளையாடியிருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. நான் யாழ்ப்பாணத்தில் பாடசாலை நெற்போல், அதாவது வலைப்பந்து, அணியில் ஆடியவள். பட்டியலில் நெற்போல் இல்லை. இங்கே அப்படி ஒரு விளையாட்டு இருப்பதே பலருக்குத் தெரியாது. கூடைப்பந்து இருந்தது. இரண்டிலும் கம்பம் இருக்கிறது, வளையம் இருக்கிறது, பந்து அதற்குள் போகிறது. அதன் பக்கத்துப் பெட்டியில் பெருக்கல் குறிபோல் ஒரு புள்ளடி போட்டேன்.

சில மாதங்களில் கூடைப்பந்துப் பயிற்சியாளர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊருக்குப் போய்விட்டார். ஹெர் பிராண்ட் படிவங்களைக் கிளறினார். வயதில் மூத்தவளாக, புள்ளடியோடு நான் அகப்பட்டேன்.

முதல் பயிற்சியில் ஒரு பிள்ளை பந்தை நிலத்தில் தட்டிக்கொண்டு ஓடினாள். விசிலை ஊதினேன். "நிலத்தில் தட்டக் கூடாது!" நெற்போலில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது குற்றம். பிடி, நில், திரும்பு, எறி. அவ்வளவுதான். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஆனால் தட்டவில்லை. இரண்டு வாரம் தட்டாமலே பயிற்சி எடுத்தார்கள், ஏதோ வெளிநாட்டுப் புதிய முறை என்று நினைத்து.

மூன்றாவது வாரம், சிகையலங்காரம் படித்துக்கொண்டிருந்த ஒரு துருக்கிப் பிள்ளை என்னை ஓரமாகக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னாள்: "கூடைப்பந்தில் தட்டலாம்."

"எனக்குத் தெரியும். இது பயிற்சி" என்றேன் முகத்தை வைத்துக்கொண்டு.

வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கணினியில் கூடைப்பந்து பார்த்தேன். தட்டுகிறார்கள். எல்லோரும் தட்டுகிறார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. விதிப் புத்தகத்தை அகராதியோடு வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். நெற்போலில் எதிராளிக்கு மூன்று அடி தள்ளி நிற்கவேண்டும். அதையும் பிள்ளைகளுக்குப் பழக்கியிருந்தேன். முதல் ஆட்டத்தில் எதிரணி ஆறுதலாக நின்று குறிபார்த்துப் போட்டுத் தள்ளியது. அந்தப் பழக்கத்தை மாற்ற அரை வருடம் எடுத்தது.

ஆனால் தட்டாமல் ஆடுவதை நான் மாற்றவில்லை. பந்து கையிலிருந்து கைக்குப் போகிற வேகத்துக்கு எந்தக் காலும் ஓடாது என்பதைக் கண்டுபிடித்திருந்தேன். "தட்டலாம், ஆனால் நாங்கள் தட்டமாட்டோம், வேறு வழியே இல்லையென்றால் ஒழிய" என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது வருடத்திலிருந்து வெல்லத் தொடங்கினோம். எதிரணிப் பயிற்சியாளர்கள் இது எந்த நாட்டுத் தந்திரம் என்று கேட்டார்கள். யாழ்ப்பாணத்து நெற்போல் என்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

வந்தவர்கள், போனவர்கள்

தொழிற்கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் என்பது ஒரு விசித்திரமான உத்தியோகம். ஹம் ரயில் நிலையம் மாதிரி. யாரும் இங்கே வருவதற்கு வருவதில்லை, வேறு ரயில் மாறிப் போவதற்கு வருகிறார்கள். எனக்கு முன்னர் மூன்று வருடத்தில் நான்கு பேர். ஒருவர் பெரிய கழகத்தில் இடம் கிடைத்துப் போனார். ஒருவர் ஆசிரியப் பயிற்சி முடிந்ததும் போனார். இன்னொருவர் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுப் போனார். கடைசி ஆள் அதுவும் அனுப்பவில்லை.

தங்கிவிடுகிறவர்களும் உண்டு. எங்கள் லீக்கில் ஒருவர் விடியற்காலையில் பேக்கரி வான் ஓட்டுவார், பின்னேரம் பயிற்சி கொடுப்பார், முக்கியமான கட்டத்தில் வாங்கிலேயே கொட்டாவி விடுவார். இன்னொரு பெண் பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை. எல்லோரும் ஒரே கழுநீர்க் கோப்பியைக் காகிதக் குவளையில் குடிப்போம்.

எங்களுக்கு ஒரு சாபக்கேடு. இரண்டு மூன்று வருடத்தில் அணியே படிப்பு முடித்துப் போய்விடும். கையில் பந்து நிற்கப் பழகிய பிள்ளை கையில் சான்றிதழோடு நிற்பாள். திரும்பவும் முதலிலிருந்து. அதனால் பெயர் எடுக்க நினைக்கிறவர்கள் இங்கே நிற்பதில்லை. நான் நின்றேன். நின்றும் பெயர் இல்லை.

ஹம்மில் இருக்கிற ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில் ஒருமுறை அர்ச்சனை வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண்மணி என் வாயைக் கிளறினார்.

"அக்கா, நீங்கள் இன்னும் கால்சட்டை போட்டுக்கொண்டு விசில் ஊதுறியளாமே? இந்த வயசிலை உது தேவையோ?"

"ஓம். நீங்களும் வாங்கோவன், ஒருக்கா ஊதிப் பாக்க. மூச்சுக்கு நல்லது" என்றேன்.

அவர் தேங்காயை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

இடக்கை

சாமான் அறையில் செய்தி கேட்ட அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன், உரிமப் பரீட்சை எடுக்கப் போகிறேன் என்று. அவர் தொழிற்சாலையிலிருந்து வந்து காலைத் தூக்கி வைத்திருந்தார்.

"உமக்கென்ன விசரே? முழங்கால் நோகுது எண்டு நேற்றுத்தானே எண்ணெய் பூசினனீர்."

"விசர்தான். கோர்ஸ் டோர்ட்முண்டிலை. சனி ஞாயிறு. நீங்கள் காரிலை கொண்டுபோய் விடவேணும்."

"எத்தினை சனி ஞாயிறு?"

"பெயர் போடுற வரைக்கும்."

அவர் காலை இறக்கிவிட்டு எழும்பிப்போய்க் காரின் ரயருக்குக் காற்று இருக்கிறதா என்று பார்த்தார். எங்கள் வீட்டில் சம்மதம் என்பது அப்படித்தான் வரும்.

எழுத்துப் பரீட்சையில் தேறினேன். செய்முறைப் பரீட்சைக்குச் சீட்டு எடுக்கவேண்டும். சீட்டில் வருகிற பாடத்தைப் பதினைந்து பேருக்குக் கற்பித்துக் காட்டவேண்டும். நான் எடுத்த சீட்டைப் பிரித்தேன். "ஆரம்பநிலையினருக்கு இடக்கையால் பந்தைத் தட்டிச் செல்லப் பழக்குதல்."

வேறு எது வரப் போகிறது எனக்கு!

தட்டிக் காட்டினேன். நான்காவது தட்டில் பந்து என் காலில் பட்டு உருண்டு போய்ப் பரீட்சகரின் சப்பாத்தில் முட்டி நின்றது. "அதனால்தான் பந்தைக் கையால் கொடுக்கவேண்டும் என்கிறேன்" என்றேன். பதினைந்து பேரும் சிரித்தார்கள். பரீட்சகர் ஒரு பெண், நரைத்த குட்டை மயிர், சிரிப்பு வராத முகம். பந்தை எடுத்து என் கையில் தந்தார்.

"தட்டத் தெரிந்த பிறகு தட்டவேண்டாம் என்று சொல்லுங்கள். தெரியாமல் சொல்வது தந்திரம் இல்லை" என்றார்.

தேறவில்லை. மறுபரீட்சை இலையுதிர்காலத்தில் என்றார்கள். காரில் வரும்போது அழுதேன். பரீட்சகர் சொன்னது சரி. சரியாக இருந்தபடியால்தான் எனக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது.

அந்தக் கோடை முழுக்க, வேலை முடிந்ததும் முதியோர் இல்லத்தின் முற்றத்தில் இடக்கையால் தட்டினேன். கொங்கிறீட் சூட்டில் பந்து கையை எரிக்கும். இல்லத்தில் இருப்பவர்கள் கோப்பி நேரத்தில் யன்னலோரம் சக்கரநாற்காலிகளை வரிசையாக விட்டுப் பார்ப்பார்கள். பந்து தவறினால் யன்னல் கண்ணாடியில் விரலால் தட்டுவார்கள். இரக்கமே இல்லாத சனம். அவர்களுக்குப் பயந்தே கை பழகியது.

இருபதுக்குச் சுழி

இதற்கிடையில் அணிக்கு யோனாஸ் வந்திருந்தான். உரிமம் உள்ளவன், கையில் எப்போதும் ஒரு டப்லெட் கணினி. கெட்டவன் இல்லை. பிள்ளைகளைத் தட்ட வைத்தான், இரண்டு ஆட்டம் வென்றும் கொடுத்தான். இலையுதிர்கால விடுமுறை முடியும்போது ஒரு பெரிய கழகம் கூப்பிட்டது. போய்விட்டான். குறை சொல்ல மாட்டேன். அந்த வயதில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள்.

ஹெர் பிராண்ட் முதியோர் இல்லத்துக்கே தேடி வந்தார். நான் ஒரு அம்மாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். கழுத்தைச் சொறிந்தார்.

"சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது. என் பெயரைப் போடுகிறேன், இந்த முறை நானும் வந்து வாங்கில் இருக்கிறேன். நீங்கள் எப்போதும் போல நடத்துங்கள். ஆள் கிடைக்கும்வரைக்கும்தான்."

எனக்கு உடம்பெல்லாம் அந்த மண்டபத்துக்கு ஓடியது. உண்மையைச் சொல்கிறேன், 'சரி' என்ற வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. என் மறுபரீட்சை அதற்கு அடுத்த சனிக்கிழமை. ஒரே ஒரு வாரம். ஒன்பது வருடம் செய்ததை இன்னொரு தடவை செய்தால் என்ன? ஆனால் இன்னொரு தடவை செய்தால் பத்தாவது வருடமும் அப்படியேதான் போகும் என்று எனக்குத் தெரியும்.

"வரமாட்டேன்" என்றேன்.

"வராவிட்டால் ஆட்டமே நடக்காது. எனக்கு இந்தப் பிள்ளைகளை ஆடவைக்கத் தெரியாது. விலகிக்கொண்டோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். இருபதுக்குச் சுழியம் என்று தோல்வி விழும்."

"விழட்டும்."

"பிள்ளைகளைத் தண்டிக்கிறீர்கள்."

அதுதான் குத்தியது. சீப்பைக் கீழே வைத்தேன். "ஹெர் பிராண்ட், ஆள் கிடைக்கும்வரை என்று நான் வரமாட்டேன். நீங்கள் தேடுகிற அந்த ஆளாகத்தான் வருவேன்" என்றேன். நான் சீவிவிட்ட அம்மா கண்ணாடிக்குள்ளால் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அன்று பின்னேரமே அணித் தலைவி துர்க்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஹம்மிலே பிறந்து வளர்ந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை, பாலர் பாடசாலை ஆசிரியைக்குப் படிக்கிறாள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"அன்ரி, நீங்கள் வரேல்லை எண்டு சொன்னது உண்மையோ?"

"ஓம்."

"எங்களிட்டைக் கேக்காமல் ஏன் சொன்னனீங்கள்? விளையாடுறது நாங்கள்தானே?"

நியாயமான கேள்வி. மஞ்சள் உறை, பெற்றோர் கூட்டம், நடைபாதைப் படம், எல்லாவற்றையும் வாசலில் நின்றபடியே சொன்னேன். இதுவரை யாருக்கும் சொல்லாதது. அவள் சுவரில் சாய்ந்து கேட்டாள்.

"எனக்கு உங்களிலை சரியான கோவம் அன்ரி" என்றாள் முடிவில். "முதலே சொல்லியிருக்கலாம். நான் போய்க் கேக்கிறன். வோட் போடுவம்."

பதினொரு பேரில் எட்டுப் பேர் ஆடாமல் விடுவோம் என்று கை தூக்கினார்களாம். மூன்று பேர் ஆடத்தான் வேண்டும் என்றார்களாம். அந்த மூவரில் ஒருத்தி இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அவளுக்கு அது கடைசிப் பருவம். அவள் கோபத்துக்கு நான் பாத்திரம்தான். ஆனாலும் நான் செய்தது பிழை என்று சொல்ல மாட்டேன்.

இருபதுக்குச் சுழியம். ஆடாமலே தோற்றோம்.

தாள்

மறுபரீட்சைக்கு அதே பரீட்சகர். இந்த முறை சீட்டில் வேறு பாடம் வந்தது, பாதுகாப்பு ஆட்டம். கற்பித்துக் காட்டினேன். முடிந்ததும் அவர் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து என்னிடம் போட்டார். "இடக்கை" என்றார். மண்டபத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரைக்கும் தட்டிக்கொண்டு போனேன், திரும்பி வந்தேன். பந்து என் காலில் படவில்லை.

"இனி உங்கள் அணியைத் தட்டவேண்டாம் என்று சொல்லலாம்" என்றார். அப்போதும் அவர் சிரிக்கவில்லை.

உரிமம் தபாலில் வந்தது. கல்லூரி அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். ஹெர் பிராண்ட் கைகொடுத்தார், உண்மையாகவே சந்தோஷப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். முதல் ஆட்டத்துக்கு வந்து முன்வரிசையில் இருந்தார்.

மண்டபத்தில் புதிதாக மெழுகிய தரை. சப்பாத்துகள் கீச்சிட்டன. பிள்ளைகள் வளையத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். மேசையில் இருந்த மனிதர் ஆட்டத் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்தார். பல வருடமாக எங்கள் ஆட்டங்களுக்கு வருகிறவர். என்னைத் தாண்டிப் போனார். நேரே முன்வரிசைக்குப் போய் ஹெர் பிராண்டிடம் நீட்டினார். பழக்கதோஷம். ஹெர் பிராண்டின் கையும் பழக்கத்தில் பேனாவுக்கு நீண்டது. கதிரையிலிருந்து அரைவாசி எழும்பிவிட்டார்.

எனக்கு ஜெர்மன் வாயில் வரவில்லை.

"இருங்கோ, ஹெர் பிராண்ட்" என்றேன்.

மண்டபம் முழுக்கக் கேட்டது. துர்க்கா ஓடுவதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். ஹெர் பிராண்டுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார்.

மேசைக்காரர் திரும்பி வந்து தாளைத் தந்தார். பயிற்சியாளர் என்ற கோட்டில் என் பெயரை எழுதினேன். அன்று நான்கு புள்ளியால் தோற்றோம். வேண்டுமானால் போய்ப் பாருங்கள், தோற்றது யார் என்று தாளில் தெளிவாக எழுதியிருக்கிறது.